ஓர் அங்குலம் குறைந்த வாசல்

பழைய வீடுகள் பாதுகாப்புச் சங்கத்தில் உறுப்பினர்கள் ஒன்பது பேர். உட்கார நாற்காலிகள் எட்டு. ஒன்பதாவது ஆள் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்துகொள்ள வேண்டியதுதான். மாதக் கூட்டம் நடப்பதே தலைவரான பல் டாக்டரின் பழைய கிளினிக் அறையில். அவர் தொழிலை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்த நாற்காலியைக் கழற்றி வெளியே போட அவருக்கு மனசு வரவில்லை. தலைக்கு மேல் வளைந்து நிற்கிற விளக்கு, பக்கத்தில் துப்புகிற கிண்ணம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. விரும்பி யாரும் அதில் உட்காருவதில்லை என்பதால், எந்த மாதம் யார் வீட்டு விஷயம் பேச்சுக்கு வருகிறதோ அவர் அதில் உட்கார வேண்டும் என்று ஒரு வழக்கம் தானாக வந்துவிட்டது. எவ்வளவு பெரிய வாய்க்காரராக இருந்தாலும் அந்தச் சாய்வில் பாதி தைரியம் போய்விடும். வாயைத் திறந்தால் டாக்டர் எட்டிப் பார்த்துவிடுவாரோ என்ற பயம் வேறு.

பதினோரு வருஷமாகச் செயலாளராக இருக்கிற அம்மாள் அந்த நாற்காலியில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. மற்றவர்களை உட்கார வைத்துத்தான் பழக்கம். இந்த மாதம் அவளே அதில் கால் நீட்டிச் சாய்ந்திருந்தாள். கைப்பையை வயிற்றின் மேல் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“நல்லா சாஞ்சுக்குங்கம்மா. வலிக்காது,” என்றார் டாக்டர், பழக்க தோஷத்தில்.

செயலாளருக்கு அச்சகத்தில் புரூப் திருத்துகிற வேலை. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவள் பென்சிலுக்குத் தப்பாது. வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகளைக்கூடத் திருத்திவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாள். சங்கத்தின் பதினாலு விதிகளையும் எழுதியது அவள்தான். அவற்றில் நாலாவது விதி, வீட்டின் முகப்பில் ஓர் அங்குலத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது. சங்கம் கையெழுத்துப் போட்டால்தான் நகராட்சி அனுமதி கொடுக்கும் என்பதால், நாலாவது விதிக்கு அந்தத் தெருக்களில் நல்ல மரியாதை இருந்தது.

சங்கத்தின் பெருமையே செயலாளர் வீட்டு முன்வாசல்தான். சங்கத்து நோட்டீஸின் முதல் பக்கத்தில் அதன் படம் இருக்கும். ஒற்றைக் கதவு, கதவின் இடது ஓரத்தில் ஒரு பாதிப் பூ செதுக்கியிருக்கும். படத்தின் கீழே அவளே எழுதிய இரண்டு வரி: ‘கட்டிய நாள் முதல் ஒரு மாற்றமும் காணாத வாசல். பூவைப் பாதியில் நிறுத்தி, மீதியைப் பார்ப்பவர் மனத்துக்கே விட்டுவிட்ட தச்சரின் நுட்பம் காண்க.’ ஊர்ப்பட்ட பேர் வந்து அந்தப் பாதிப் பூவின் முன்னால் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்போது அந்த வாசலே அவள் கழுத்தைப் பிடித்துவிட்டது. அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா, போன மாதம் மாடிப்படியில் சறுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவளை, ஆடாமல் அசையாமல் நிற்கிற சொந்த வீட்டுப் படி கவிழ்த்துவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள், சக்கர நாற்காலியோடு. ஆறு மாதமாவது அதில்தான்; அதற்கப்புறம் பார்க்கலாம் என்று இழுக்கிறார்கள்.

சக்கர நாற்காலியின் அகலம் இருபத்தைந்தரை அங்குலம். முன்வாசலின் அகலம் இருபத்துநாலரை. செயலாளரின் கணவர் மூன்று நாள் விடாமல் அளந்தார், அளக்க அளக்க வாசலுக்கு மனம் இரங்கும் என்பதுபோல. அது இரங்கவில்லை.

பின்வாசல் அகலம்தான். முன்னால் படி இருக்கிறது, பின்னால் வந்தால் சௌகரியம் என்று சாக்குச் சொல்லி நாத்தனாரிடம் மெதுவாகப் பேச்செடுத்தார்கள். படுத்த படுக்கையில் அவள் விசில் ஊதாத குறைதான்.

“குப்பைக் கூடை போற வழியில நான் வரமாட்டேன். நான் பிறந்த வீடு அது. முன்வாசல் வழியாத்தான் வெளிய போனேன், முன்வாசல் வழியாத்தான் உள்ள வருவேன். முடியாதுன்னா சொல்லிடுங்க, ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துல இடம் பாத்துக்கிறேன்.”

“நாலு பேரா சேர்ந்து தூக்கிட்டுப் போயிடறோம்க்கா,” என்றார் கணவர்.

“ஏன், நான் என்ன பீரோவா?”

அதோடு பேச்சு முடிந்தது. ஓர் அங்குலம் குறைகிற விஷயத்தை இரண்டு பேரும் அவளிடம் மூச்சுவிடவில்லை. செயலாளர்தான் கணவரின் வாயைக் கட்டிப் போட்டிருந்தாள். நாத்தனாருக்குச் சங்கம் என்றாலே இளக்காரம். சொந்த விதியில் தானே மாட்டிக்கொண்டது தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் செயலாளருக்கு அந்த நாத்தனார் வேண்டும். கண்டிப்பாக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேருக்கும் நாளொரு சண்டை. டீயில் சர்க்கரை போதாது, துணியைத் தப்பாக மடித்துவிட்டாய், ஃபேனை ஏன் நிறுத்தவில்லை என்று காலையில் ஆரம்பித்தால் படுக்கப் போகிறவரை ஓடும். இந்த ஒரு மாதமாகக் குறை சொல்ல ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. செயலாளர் கல்யாணமாகி வந்த முதல் வாரம், தெருவைப் பார்த்த தன் அறையைக் காலி செய்து கொடுத்தவள் அந்த நாத்தனார்தான். “எழுத்துப் பாக்கற வேலை செய்யறவ. வெளிச்சம் இவளுக்குத்தான் வேணும்,” என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அதை அதற்கப்புறம் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

இதை எல்லாம் கூட்டத்தில் சொல்ல முடியுமா? செயலாளர் அளவுகளை மட்டும் சொன்னாள். வாசலை அகலப்படுத்த அனுமதி வேண்டும் என்று, தான் எழுதிய விதிக்கு எதிராகத் தானே விண்ணப்பம் வாசித்தாள். அவளுக்கு அவளே குறிப்பு எழுதக் கூடாது என்பதால், அன்றைக்குக் குறிப்பு நோட்டு இன்னோர் உறுப்பினரான நூலகரிடம் இருந்தது. எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். சங்கத்தில் அவருக்கு அகராதி என்று பெயர்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். “நம்ம செயலாளர் அம்மா சங்கத்துக்காக எவ்வளவோ உழைச்சிருக்காங்க. அவங்களுக்கு ஒரு விதிவிலக்கு கொடுத்தா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது. கை தூக்குங்க, முடிச்சுட்டு டீ குடிக்கலாம்.”

கைகள் மளமளவென்று எழுந்தன. ஒரு கை மட்டும் எழவில்லை. அது தையல்காரரின் கை.

“எனக்குச் சம்மதம் இல்லை டாக்டர்,” என்றார் அவர்.

எழுந்த கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் பாதியில் நின்றன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் இதே நாற்காலியில் இதே விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் தையல்காரர். அவர் தைக்கிற முன்னறை ஒரே இருட்டு. ஜன்னலை ஒரு சாண் உயர்த்திக்கொள்கிறேன் என்று கேட்டார். செயலாளர் எழுந்து நாலாவது விதியைப் படித்தாள். ஜன்னல் பழையது என்று கண்ணால் பார்த்தாலே தெரிகிறது என்றும் சொன்னாள். மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தையல்காரர் பட்டப்பகலில் பல்பைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அவள் ஜாக்கெட் தைக்க நாலு தெரு தள்ளிப் போகிறாள். அங்கே இருக்கிற தையல்காரனோ தோள்பட்டையை ஒரு நாளும் சரியாக வைத்ததில்லை.

பழி வாங்கிவிட்டார் என்று நினைத்தாள். வாங்கட்டும். அவர் இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றும் தோன்றியது. மேலே இருந்த விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. தனக்கு ஒருத்தி வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுத்தாள். தான் இந்த மனுஷருக்கு ஒரு சாண் வெளிச்சம் கொடுக்கவில்லை. இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது.

தையல்காரர் தொடர்ந்தார். “விதிவிலக்கு வேண்டாம். விதி ஏழு இருக்கே, அதைச் செய்யுங்க.”

அகராதி புத்தகத்தைத் திறக்காமலே ஒப்பித்தார். “விதி ஏழு. எந்த விண்ணப்பத்திலும் முடிவெடுக்கும் முன், அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி அடுக்குகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.”

பழைய மரத்தில் ஒரு காலத்துக்கு ஒரு நிறம் என்று பெயின்ட் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கும். ஓர் ஓரத்தில் சுரண்டி எண்ணினால் எந்தக் கட்டை முதலில் வைத்தது, எது பின்னால் வந்தது என்று தெரிந்துவிடும். சங்கத்துக்குப் பிடித்தமான வேலை இது. டாக்டர் பல் சுரண்டுகிற கொக்கியால்தான் செய்வார்.

“என் ஜன்னலுக்கு யாரும் விதி ஏழைச் செய்யலை,” என்றார் தையல்காரர். “கண்ணால பாத்தாலே தெரியுதுன்னு எழுதிட்டாங்க. போகட்டும். இந்த வாசலுக்காவது நடக்கட்டும்.”

“அந்த வாசல்ல சுரண்ட என்ன இருக்கு மாஸ்டர்? நோட்டீஸ்லயே போட்டிருக்கோமே,” என்றார் டாக்டர்.

“நோட்டீஸைச் சுரண்டச் சொல்லலை டாக்டர். வாசலைச் சுரண்டச் சொல்றேன்.”

செயலாளர் அந்தச் சாய்வு நாற்காலியில் சிரமப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மாஸ்டர் சொல்றது சரி. எனக்கு விதிவிலக்கு வேண்டாம். நாளைக்குக் காலையில வாங்க.”

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கோபப்பட்டே பழக்கமில்லாத மனுஷர், அதனால் கோபம் வரும்போது எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடப்பார்.

“கையில வந்ததைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்திருக்கியே. சுரண்டினா என்ன வரும்? பழைய வாசல்தான்னு வரும். அப்புறம் அக்காவை எந்த வழியா கூட்டிட்டு வர்றது?”

அவள் வாசலில் போய் நின்று பாதிப் பூவைப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இன்றுவரை, தான் எழுதியது தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. இன்றைக்கு ஆசைப்பட்டாள். அந்த நோட்டீஸில் ஒவ்வோர் எழுத்தும் தப்பாக இருக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். டாக்டர் கொக்கிகளை ஒரு தட்டில் வரிசையாக வைத்து, மேலே வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வந்திருந்தார். முதலில் வலது பக்கத்து நிலைக்காலில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சுரண்டினார். பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு நிறமாகச் சொன்னார்; அகராதி எழுதினார். மேலே இப்போதைய தவிட்டு நிறம், கீழே பச்சை, அதற்குக் கீழே வெள்ளை, மறுபடி பச்சை என்று போய், அடியில் ஒரு நீலமும் கடைசியில் செங்காவியும் வந்தது.

“ஒன்பது அடுக்கு. அருமையான வாய்,” என்றார் டாக்டர்.

பிறகு இடது பக்கம். செயலாளர் எட்டி நின்று சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். தவிட்டு நிறம், பச்சை, வெள்ளை, பச்சை, மஞ்சள். அதோடு மரம் வந்துவிட்டது.

டாக்டர் இன்னோர் இடத்தில் சுரண்டினார். அங்கேயும் ஐந்துதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது இடத்தில் சுரண்டினார். “இந்தப் பக்கம் அஞ்சுதான் இருக்கு,” என்றார், யாரோ ஏமாற்றிவிட்டது போன்ற குரலில். “வலது காலுக்கும் இடது காலுக்கும் நாலு பெயின்ட் வித்தியாசம். இடது கால் பின்னால வச்சது.”

தையல்காரர்தான் முன்னால் வந்தார். இடது நிலைக்காலை ஒட்டியிருந்த சுவரில் விரலை வைத்து, துணியில் தையல் தேடுகிற மாதிரி மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். இரண்டடி தாண்டியதும் விரல் நின்றது.

“இங்க ஒட்டுப் போட்டிருக்கு. கை வச்சுப் பாருங்க, பூச்சுல ஒரு கோடு மேலேர்ந்து கீழ வரைக்கும் இறங்குது.” தட்டினார். சுவர் டொக்கு டொக்கு என்றது. “உள்ள சுவரே இல்லை, பலகைதான். இது பிடிச்சுத் தைச்ச வாசல். பிரிச்சு விட்டுடலாம்.”

“எப்படி மாஸ்டர் கண்டுபிடிச்சீங்க?” என்று கணவர் கேட்டார்.

“அந்தப் பூதான். துணியில ஓரத்துல பாதிப் பூ வந்தா என்ன அர்த்தம்? மீதிப் பூ இன்னொரு துண்டுல இருக்குன்னு அர்த்தம். ரெண்டையும் சேர்த்தாத்தான் உடுப்பு. இது இரட்டைக் கதவு. ஒண்ணைக் காணோம், அவ்வளவுதான்.”

மீதியைப் பார்ப்பவர் மனத்துக்கே விட்டுவிட்ட தச்சரின் நுட்பம் என்று எழுதியவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். ஒன்றிரண்டு பேர் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். டாக்டர் துணியை எடுத்துத் தட்டை மூடினார். ஆனால் செயலாளருக்கு வந்தது அழுகையும் அல்ல, அவமானமும் அல்ல. சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, அப்புறம் அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்து சிரித்தாள். கணவர் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

“அப்போ நாலாவது விதிப்படி,” என்றார் அகராதி, பேனாவை உயர்த்தி, “முகப்பை முதல்ல இருந்தபடி வைக்கணும். அதாவது, நாலடி அகலத்துக்குத் திறந்தே ஆகணும். திறக்காம விட்டாத்தான் இனிமே குற்றம்.”

“எழுதிக்குங்க,” என்றார் டாக்டர்.

எல்லோரும் பூச்சுக் கோட்டைத் தடவிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தபோது செயலாளர் தையல்காரரிடம் போனாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் பேசுகிறாள். “ரொம்ப நாளாவே தெரியுமா மாஸ்டர்?”

“தினமும் இந்த வழியாத்தானே போறேன். பாக்கறப்பல்லாம் கண்ணு உறுத்தும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீங்கதான் என்கிட்ட பேசறதில்லையே.”

“உங்க ஜன்னலைச் சுரண்டாம மறுத்தது என் தப்பு மாஸ்டர். நாளைக்கே வந்து பாக்கறோம்.”

“வாங்க. நான் எங்கயும் போயிடலை, பல்புக்குக் கீழேதான் இருப்பேன்.”

மறுநாள், திங்கட்கிழமை, போய்ச் சுரண்டினார்கள். பத்து அடுக்கு, நாலு பக்கமும் பத்து. ஜன்னல் அசல் பழசு, அதில் கை வைக்க வழியே இல்லை. செயலாளருக்குத்தான் முகம் விழுந்துபோயிற்று. பன்னிரண்டாவது அடுக்குவரை தேடுங்கள் என்று டாக்டரை நச்சரித்துப் பார்த்தாள். தையல்காரர் சாவகாசமாக இருந்தார். “பாத்துட்டுச் சொன்னா ஒத்துக்க வேண்டியதுதானே. பாக்காம சொன்னதுதான் எனக்குப் பொறுக்கலை,” என்றார். அன்றைக்கு அவள் அவரிடமே ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தாள்.

அதன் பின் ஒரு வாரம் வாசலில் தச்சர் வேலை. பூச்சை உடைத்துப் பலகையை எடுத்ததும், உள்ளே பழைய இடது நிலைக்கால் அப்படியே நின்றது. நீலமும் செங்காவியுமாக நாலு அடுக்கு, வலது காலின் அடி நாலோடு அச்சாக ஒத்துப்போனது. அந்தக் காலில் முழங்கால் உயரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. கட்டைவிரல் போகிற ஆழம். டாக்டர் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார். கடைசியில் இரண்டு பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அந்தக் காலத்தில் கதவுக்குக் குறுக்கே இரும்புத் தாழ் போடுவார்கள் என்றும், தாழின் முனை உட்கார்ந்து உட்கார்ந்து ஏற்பட்ட தேய்மானமே இந்தப் பள்ளம் என்றும், வீட்டுப் பாதுகாப்பின் வரலாற்றில் இது அரிய சான்று என்றும் அதில் இருந்தது. செயலாளர் அதில் ஏழு பிழை திருத்தினாள். எல்லாம் எழுத்துப் பிழைதான்.

தச்சர் புது இடது கதவைச் செய்து, மீதிப் பாதிப் பூவையும் செதுக்கி மாட்டினார். இரண்டையும் சாத்தினால் நடுவில் பூ முழுசாகச் சேர்ந்துகொண்டது. படிக்கு ஒரு சாய்பலகை போட்டாயிற்று. எல்லாம் நாத்தனார் வருகிற நாளுக்கு முந்தின மாலைதான் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கணவர் உடுப்பில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். என்ன என்று அக்கா கேட்டால், சும்மா சில்லறை வேலை என்று மழுப்பிவிடுவார்.

நாத்தனார் வருகிற அன்று ஒன்பது பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். யாரும் அழைக்கவில்லை, அது தங்கள் வாசல் என்ற நினைப்பு எல்லோருக்கும். காரிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்ததுமே நாத்தனார் குரலை எடுத்துவிட்டாள். “வழியில நிக்காதீங்க, வழியில நிக்காதீங்க. படியில யாரும் தொங்கக் கூடாது. டாக்டர், நீங்கதான், கொஞ்சம் உள்ள நகர்ந்து போங்க.” தலைவரும் உறுப்பினர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒதுங்கி நின்றார்கள். ஒரு மாதத்துக்கு அப்புறம் அந்தக் குரலைக் கேட்டதுமே செயலாளர் முன்னால் ஓடிவந்தாள். நாற்காலியின் கைப்பிடியை அவளே பிடித்துச் சாய்பலகையில் ஏற்றினாள்.

வாசலுக்கு வந்ததும் நாத்தனார் கையைத் தூக்கினாள். பஸ்ஸை நிறுத்துகிற கை அது, நாற்காலி நின்றது. இரண்டு கதவையும் மேலும் கீழும் பார்த்தாள்.

“அட, இடது கதவைத் திரும்பப் போட்டுட்டீங்களா?”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“திரும்பவா? முன்னால இருந்தது உங்களுக்குத் தெரியுமா அண்ணி?” என்றாள் செயலாளர்.

“தெரியாம என்ன? அதை உடைச்சதே நான்தானே.” நாத்தனார் இடது நிலைக்காலைத் தடவினாள். கை தானாகப் பள்ளத்தில் போய் நின்றது. “இதோ இருக்கு. என் சைக்கிள் பெடல் குத்தின இடம். எனக்கு அப்போ ஒன்பது வயசு, இவன் பிறக்கவே இல்லை. தெருமுனையிலேர்ந்து மிதிச்சுட்டு வந்தேன். பிரேக் பிடிக்கலை. கதவு ரெண்டாப் பிளந்துடுச்சு. உள்ள போய்த்தான் விழுந்தேன். அப்பா ஒரு வார்த்தை திட்டலை. உடைஞ்ச பக்கத்தைப் பலகை வச்சு அடைச்சுட்டு, இனிமே நீ சைக்கிளோட உள்ள வர முடியாதுன்னார்.”

டாக்டர் தன் கையில் இருந்த இரண்டு பக்க அறிக்கையை மெல்ல மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இத்தனை வருஷமா ஏன் அண்ணி சொல்லலை? நோட்டீஸ்ல முதல் பக்கத்துலயே தப்பாப் போட்டிருந்தேனே.”

“உங்க சங்கத்து நோட்டீஸை நான் எதுக்குப் படிக்கணும்? அதுல என்ன பஸ் டைமா போட்டிருக்கு?” நாத்தனார் அவளைத் திரும்பிப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. “நீங்க யாரும் கேக்கலையேம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

தையல்காரர் பலமாக இருமினார். செயலாளர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“சரி, ரைட்டு, போகலாம்,” என்றாள் நாத்தனார். நாற்காலி நகர்ந்தது. இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு, எதிலும் இடிக்காமல், அவள் சக்கரத்தோடு அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனாள். கூடத்தில் நாற்காலி நின்றதும் இரண்டு கதவு வழியாகவும் வெளிச்சம் வந்து நடுத்தரை வரை விழுந்து கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். வெளியே நின்ற தையல்காரரையும் பார்த்தாள். “மாஸ்டர், உங்க மிஷினை இங்க தூக்கிட்டு வந்து போடுங்க. பகல்ல எனக்கும் பேச்சுத் துணையாச்சு. தையல் கோணலாப் போனா உடனே சொல்லிடுவேன்,” என்றாள். தையல்காரர் பதில் சொல்வதற்கு முன்னாலேயே கணவர் சுவரோரம் இருந்த மேஜையை நகர்த்த ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் டீக்கு அடி போட்டார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். செயலாளர் உட்காரவில்லை. அகராதியிடமிருந்து குறிப்பு நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். ஒரு ஸ்டூலை இழுத்துச் சக்கர நாற்காலிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

“அண்ணி, ஒண்ணு விடாம சொல்லணும். இந்த வீட்ல வேற என்னென்னத்தை உடைச்சிருக்கீங்க?”

நாத்தனார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, ஒரு விரலை மடக்கினாள்.